முழு ஹைட்ரோலிக் ஸ்டியரிங்கா, உதவி சிலிண்டரா?

37 அங்குல டயரும் முன் அச்சின் இரு சில்லுகளையும் ஒன்றாகச் சுற்றவைக்கும் டிஃப் லொக்கும் பூட்டிய ஜீப்பைத் தம்பலகாமத்து வயற்சுரியில் நிறுத்தி ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்த்தால், கொம்பனி பூட்டிய பவர் ஸ்டியரிங்கின் வலு எவ்வளவு என்பது விளங்கிவிடும். அதற்குமேல் போக இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது உதவி சிலிண்டர்: இருக்கும் ஸ்டியரிங் பொக்ஸில் துளையிட்டு, அங்கிருந்து எடுக்கும் எண்ணெய் அழுத்தத்தால் இரு முன்சில்லுகளையும் இணைக்கும் டை ரொட்டைத் தள்ளும் சிலிண்டர் ஒன்றைச் சேர்ப்பது. மற்றையது முழு ஹைட்ரோலிக்: பொக்ஸையும் அதிலிருந்து சில்லுக்குப் போகும் டிராக் லிங்க் கம்பியையும் கழற்றிவிட்டு, ஸ்டியரிங் தண்டின் அடியில், திருப்பும் அளவுக்கு எண்ணெயை அளந்து அனுப்பும் ஓர்பிட்டல் வால்வையும் அச்சில் சிலிண்டரையும் பொருத்தி, இடையில் ஹோஸ்களை மட்டும் ஓட்டுவது. ஜேசிபி திரும்புவது இப்படித்தான்.

வலுவுக்காகவே முழு ஹைட்ரோலிக் வேண்டும் என்பாரின் பேச்சில் பாதிதான் உண்மை. தள்ளும் விசை சிலிண்டரின் பரப்பையும் பம்ப் அழுத்தத்தையும் பொறுத்தது என்பதால், அதே அளவுச் சிலிண்டரை உதவியாகப் பூட்டினாலும் வலுவில் பெரிய குறை வராது. உண்மையான இலாபம் டிராக் லிங்க் இல்லாமற் போவதில் இருக்கிறது: அச்சு எவ்வளவு ஏறி இறங்கினாலும் சில்லு தானாகத் திரும்பாது, பாறையில் மோதி வளையவோ முறியவோ அந்தக் கம்பி இருக்காது.

ஆனால் முழு ஹைட்ரோலிக்கில் உதிரிகளைக் கணக்குப் பார்த்தே பொருத்தவேண்டும். 63 மில்லிமீற்றர் உள்விட்டம், 32 மில்லிமீற்றர் தண்டு, 200 மில்லிமீற்றர் ஓட்டம் உள்ள இருபுறத் தண்டுச் சிலிண்டர் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக ஏறத்தாழ 463 கன சென்ரிமீற்றர் எண்ணெய் கேட்கும். சுற்றுக்கு 160 கன சென்ரிமீற்றர் தரும் ஓர்பிட்டலில் அது மூன்று சுற்றுக்குச் சற்றுக் குறைவு, 100 தரும் வால்விலோ நாலரைக்கும் மேல். மலிவாகக் கிடைக்கிறதென்று ஒருபுறத் தண்டுச் சிலிண்டரை வாங்கினால், தண்டு ஒரு பக்கத்தில் மட்டும் எண்ணெயின் இடத்தைப் பிடிப்பதால் ஒரு பக்கம் மூன்று சுற்றும் மறுபக்கம் நான்கு சுற்றும் ஆகி, ஓட்டுபவரின் கை குழம்பிப்போகும். பம்பும் இதற்கு ஈடுகொடுக்க வேண்டும்: விநாடிக்கு ஒரு சுற்றுத் திருப்பவே நிமிடத்துக்குப் பத்து லீற்றர் அளவில் எண்ணெய் தேவை, அதுவும் எஞ்சின் ஐட்லிங்கில் நிற்கையில், ஏனெனில் பாறையில் ஊரும்போது எஞ்சின் ஓடுவது அந்த வேகத்தில்தான்.

வீதியில் நிலைமை தலைகீழ். சில்லின் விசையைக் கைக்குத் திருப்பி அனுப்பாத சாதாரண ஓர்பிட்டலில், வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானாக நேருக்கு வராது. வால்வுக்குள் எண்ணெய் சிறிது நழுவுவதால், சில்லு நேராக நிற்கும்போதும் ஸ்டியரிங் வளையம் கோணலாக நிற்கும். எஞ்சின் நின்றால் ஓர்பிட்டல் கைப்பம்பாக வேலை செய்யும், ஆனால் அந்த டயர்களை அப்படித் திருப்புவது பெரும்பாடு. ஹோஸ் வெடித்தாலோ திருப்புவதற்கு எதுவுமே மிஞ்சாது. உதவி சிலிண்டரில் ஹோஸ் போனால் ஸ்டியரிங் கனத்துவிடும், ஆயினும் பொக்ஸும் கம்பியும் சில்லைப் பிடித்தபடி இருக்கும். கந்தளாய் வழியாக ஏ6 வீதியில் பஸ்களுக்கு எதிரே போகிறவருக்கு இந்த ஒரு வேறுபாடே போதும். காப்புறுதியையும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதியையும் பற்றித் தனியே சொல்லவேண்டியதில்லை.

உப்புக் காற்று இரண்டையும் விடாது. நிலாவெளி, குச்சவெளி மணலில் ஓடிய வண்டியின் சிலிண்டர் தண்டில் குரோம் பூச்சு ஊசிமுனை அளவில் அரித்தால் போதும், அந்தப் புள்ளி எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் சீலை ஒவ்வொரு திருப்பத்திலும் கீறும். இருபுறமும் தண்டு வெளியே நிற்கும் சிலிண்டரில் இந்த ஆபத்து இரட்டிப்பு என்பதால், நல்ல தண்ணீரில் கழுவுவதைத் தள்ளிப்போடக் கூடாது.

லொறியில் ஏற்றிப் போட்டிக்குக் கொண்டுபோகும் வண்டியென்றால் முழு ஹைட்ரோலிக்கையே பூட்டலாம். தன் சில்லிலேயே காட்டுக்குப் போய் வீடு திரும்பும் வண்டிக்கு உதவி சிலிண்டரே என் தெரிவு. அதற்குப் பொக்ஸைத் துளையிடுகையில் முழுவதும் கழற்றித்தான் துளையிடவேண்டும். உள்ளே தங்கும் ஓர் இரும்புத் துருவல் வால்வைக் கெடுக்கப் போதுமானது.