முதலில் வெப்சைட்டா, ரீல்ஸா, கண்காட்சியில் ஸ்டாலா?

கைவேலைக் கடை வைத்திருப்பவர்கள் கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் கேட்கிற கேள்வி இது: முதலில் வெப்சைட் போடலாமா, விளம்பரத்துக்குச் செலவு செய்யலாமா? பதில் சொல்லுமுன் வாங்குகிறவர் யார் என்று பார்க்க வேண்டும். மதுரையில் கைவேலைப் பொருளைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. மீனாட்சியம்மன் கோயிலுக்கு வந்துவிட்டு, ஊர் திரும்புமுன் சுங்குடி (முடிச்சுப் போட்டுச் சாயமேற்றிய மதுரைச் சேலை) எங்கே நல்லதாகக் கிடைக்கும் என்று போனில் தேடுகிற வெளியூர்க்காரர் ஒருவர். சென்னையிலோ துபாயிலோ இருந்துகொண்டு, "அக்கா, போன தடவை எடுத்த மாதிரியே இன்னும் ரெண்டு அனுப்புங்க" என்று கேட்கிற நம்ம ஊர் ஆள் இன்னொருவர். முன்னவருக்கு மேப்பில் கடை தெரிய வேண்டும். பின்னவருக்குப் படமும் விலையும் போய்ச் சேர வேண்டும். ஆரம்பத்தில் இரண்டுக்குமே வெப்சைட் தேவையில்லை.

அதனால் முதல் இடத்தை, கூகுள் மேப்பில் கடையைக் காட்டும் கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலுக்கும், கடைக்காரர்களுக்கான வாட்ஸ்அப் பிசினஸுக்கும்தான் கொடுப்பேன். இரண்டும் இலவசம். கூகுளில் சரிபார்ப்புக்கு இப்போது பெரும்பாலும் வீடியோ கேட்கிறார்கள். தெரு, போர்டு, உள்ளே இருக்கும் சரக்கு எல்லாவற்றையும் வெட்டாமல் ஒரே ஓட்டத்தில் காட்ட வேண்டும். போர்டே மாட்டாமல் கடை நடத்துகிறவர்கள் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். வாட்ஸ்அப் கேட்லாக்கில் 500 பொருள் வரை ஏற்றலாம், சின்னக் கடைக்குத் தாராளம்.

ஆனால் இரண்டும் அடுத்தவர் இடம். பிசினஸ் ப்ரொஃபைலோடு ஒரு குட்டி வெப்சைட்டையும் கூகுள் இலவசமாகத் தந்துகொண்டிருந்தது. 2024 மார்ச்சில் அதை மூடிவிட்டது. அந்த முகவரியை விசிட்டிங் கார்டில் அடித்து வைத்திருந்தால் கார்டு வீண்தான். சொந்தமாக ஒரு டொமைன் (வெப்சைட்டின் முகவரிப் பெயர்) இருப்பது நல்லது என்று நான் சொல்வதற்கு அழகோ கௌரவமோ காரணமில்லை, இதுதான் காரணம்.

சரி, வெப்சைட் என்று இறங்கினால் யாரிடம் போவது? உள்ளூர் டிசைனர்கள் டொமைன், ஹோஸ்டிங் (தளத்தை ஏற்றி வைக்கும் இணைய இடம்), ஐந்து பக்கம் என்று மொத்தமாக ஒரு விலை சொல்வார்கள். வேலை சீக்கிரம் முடியும், தமிழில் பேசலாம், நேரில் போய் உட்கார்ந்து திருத்தலாம். சிக்கல் இரண்டாம் வருடம் வரும். டொமைன் அவர்கள் பெயரில், அவர்கள் இமெயிலில் பதிவாகியிருந்தால், புதுப்பிக்கும்போது அவர்கள் சொல்வதுதான் விலை. போனை எடுக்காமல் போனால் கடையின் பெயரே போச்சு. டொமைனை மட்டும் உங்கள் இமெயில், உங்கள் கார்டு கொண்டு நீங்களே வாங்கிவிட்டு, மற்ற வேலையை அவரிடம் கொடுங்கள். முதல் வருட ஆஃபரைப் பார்த்து மயங்காமல் புதுப்பிக்கும் விலையையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆன்லைன் கடையைத் தயாராகத் தரும் ஷாப்பிஃபை மாதிரி மாத வாடகைத் தளங்களில் கோடிங் தொல்லை இல்லை. ஆனால் ஆர்டர் இல்லாத மாதமும் வாடகை உண்டு. வெப்சைட் கட்டும் வேர்ட்பிரஸ், அதில் கடையைச் சேர்க்கும் வூகாமர்ஸ் இரண்டும் மென்பொருள் அளவில் இலவசம். ஹோஸ்டிங்குக்குக் காசு, அப்டேட்டுக்கு ஆள் வேண்டும். "தம்பி பையன் காலேஜில் கம்ப்யூட்டர் படிக்கிறான், அவன் பார்த்துக்கொள்வான்" என்ற வழி, அவன் வேலை கிடைத்துப் போகும்வரை ஓடும்.

எந்தத் தளமானாலும் பேமென்ட் கேட்வே (ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் சேவை) இணைக்கும்போது கணக்கைப் போட்டுப் பாருங்கள். பரவலாக வாங்கப்படும் கட்டணம் 2 சதவீதம், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. ஆயிரம் ரூபாய்க்கு 23 ரூபாய் 60 காசு போகும். வாட்ஸ்அப்பில் க்யூஆர் அனுப்பி யுபிஐயில் வாங்கினால் அதுவும் இல்லை.

மீஷோ, அமேசான் பக்கம் போனால் கூட்டம் ஏற்கெனவே அங்கே இருக்கிறது. முன்பு ஜிஎஸ்டி எண் இல்லாமல் உள்ளேயே போக முடியாது; 2023 அக்டோபர் 1 முதல், விற்றுமுதல் வரம்புக்குள் இருக்கும் சிறு வியாபாரிகள் பதிவில்லாமலேயே தங்கள் மாநிலத்துக்குள் ஆன்லைன் தளங்கள் வழியாகப் பொருள் விற்கலாம். ஆனாலும் சுங்குடிக்கு இந்த வழியை நான் சொல்லமாட்டேன். அங்கே கையால் முடிச்சுப் போட்ட சேலைக்குப் பக்கத்திலேயே பிரிண்ட் அடித்த சேலை பாதி விலையில் நிற்கும், பெயரும் அதே 'மதுரை சுங்குடி'. 2005இல் புவிசார் குறியீடு கிடைத்த பொருள் இது. சின்னப் படத்தில் அந்த வித்தியாசம் தெரியாது.

தெரிய வைப்பதுதான் உண்மையில் விளம்பரத்தின் வேலை. துணியை விரல் நுனியால் கிள்ளி, நூலைச் சுற்றி இறுக்கி, சாயத்தில் முக்குகிறார்கள். முடிச்சை அவிழ்த்தால் சாயம் ஏறாத புள்ளி. அவிழ்த்த புதிதில் துணி முழுக்கச் சின்னச் சின்னக் குமிழாகச் சுருங்கி நிற்கும். புள்ளிகள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. பிரிண்டில் எல்லாப் புள்ளியும் ஒரே அச்சு, துணி சமமாகக் கிடக்கும். இஸ்திரி போட்டு மடித்து எடுத்த படத்தைவிட, ஜன்னல் வெளிச்சத்தில் முடிச்சு அவிழ்கிற அரை நிமிட வீடியோ நூறு மடங்கு விற்கும். அதற்கு ஒரு போன் போதும்.

இந்த வீடியோ கையில் இல்லாமல், ரீல் போட்டு விளம்பரம் செய்து தரும் இன்ஸ்டா ஆட்களிடம் போகாதீர்கள். உள்ளூர்ப் பக்கங்களில் சிலர் ரீலுக்குப் பணம் கேட்பார்கள், சிலர் பொருள் கொடுத்தால் போதும் என்பார்கள். ஃபாலோயர் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். அவர்கள் இன்சைட்ஸில் (பார்க்கிறவர்கள் பற்றி இன்ஸ்டா தரும் புள்ளிவிவரம்) எந்த ஊர்க்காரர்கள் அதிகம் என்று ஸ்கிரீன்ஷாட் கேளுங்கள். ஜிகர்தண்டாவும் கறி தோசையும் பார்க்க வந்த கூட்டம் சேலைக்கு 'விலை என்ன' என்று கேட்டுவிட்டுப் போய்விடும். பணமோ பொருளோ வாங்கிக்கொண்டு போடும் பதிவில் விளம்பரம் என்று குறிப்பிட வேண்டும் என 2021இலேயே விளம்பரத் தர மன்றம் வழிகாட்டுதல் போட்டிருக்கிறது. வேண்டாம் என்று மழுப்புகிறவரை விட்டுவிடுங்கள்.

பிட் நோட்டீஸ், ஃப்ளெக்ஸ்? காது குத்துக்கே முச்சந்தியில் ஃப்ளெக்ஸ் வைக்கிற ஊரில் உங்கள் ஃப்ளெக்ஸை யார் பார்க்கப்போகிறார்கள்?

கண்காட்சி வேறு விஷயம். சித்திரைத் திருவிழாவையொட்டி நடக்கும் பொருட்காட்சி, மகளிர் திட்டம் வழியாகச் சுயஉதவிக் குழுக்களுக்குக் கிடைக்கும் ஸ்டால்கள் போன்றவற்றில் துணியைத் தொட்டுப் பார்த்து வாங்குகிறவர் வருவார். ஒரு ரீலைவிட அங்கே வாங்கிய நாற்பது போன் நம்பர் எனக்குப் பெரிது. ஆனால் நாள் முழுக்க நிற்க ஆள் வேண்டும். தனியாளாக உட்கார்ந்து குரோஷே பின்னுகிறவருக்கு இது கட்டாது.

மதுரையை ஒட்டிய விளாச்சேரியில் பொம்மை செய்கிறவர்களுக்கு மட்டும் இந்த வரிசையை மாற்றிச் சொல்வேன். கொலுவுக்கும் கிறிஸ்துமஸ் குடிலுக்கும் அவர்களுக்கு சீசன் குறுகியது, பொருள் உடையக்கூடியது. வாட்ஸ்அப்பில் ஒவ்வொருவருக்கும் செட் விவரமும் உயரமும் தட்டிக்கொண்டிருந்தால் வண்ணம் தீட்ட நேரம் இருக்காது. அவர்களுக்கு ஒரு பக்க வெப்சைட் முதலிலேயே பயன்படும்: செட் வாரியாகப் படம், அங்குலத்தில் உயரம், ஆர்டர் முடிகிற தேதி, வழியில் உடைந்தால் யார் பொறுப்பு என்ற ஒரு வரி. இதை ஆடி மாதத்துக்குள் ஏற்றிவிட வேண்டும். புரட்டாசி பிறந்த பிறகு ஏற்றினால் அடுத்த வருடத்துக்குத்தான்.