தாலி முடிச்சா, ஏழாவது அடியா?

நம் ஊர்க் கல்யாணத்தில் கெட்டிமேளம் முழங்கித் தாலி ஏறியதும் அட்சதை பறக்கும். அடுத்த நிமிடம் பாதிக் கூட்டம் பந்திக்கு. அப்புறம் மணமக்கள் அக்னி முன் ஏழடி எடுத்துவைக்கும் சப்தபதியைப் பார்க்கப் புகைப்படக்காரரும் நெருங்கிய உறவினரும்தான் மிச்சம்.

வைதிக முறைப்படி பார்த்தால் கனமானது அந்த ஏழடிதான். மணமகன் மணமகளின் கையைப் பிடித்து, உணவு, வலிமை என்று அடிக்கொன்றாக வேண்டிக்கொண்டே நடத்துகிறான். ஏழாவது அடியில் அவளைத் தோழி என்கிறான். எனக்குப் பிடித்த இடம் அதுதான்.

தாலி வேறு வகை. 'மாங்கல்யம் தந்துனானேன' சுலோகம் அந்தக் கயிற்றை 'என் வாழ்வுக்குக் காரணமானது' என்கிறது. மஞ்சள் கயிறு, மூன்று முடிச்சு; பல வீடுகளில் முதல் முடிச்சுதான் மாப்பிள்ளை போடுவது, மற்றவை நாத்தனார் பொறுப்பு.

சட்டம் இரண்டையும் ஏற்கிறது. 1955 இந்துத் திருமணச் சட்டப்படி, சப்தபதி உள்ள சடங்கில் ஏழாவது அடியோடுதான் திருமணம் முழுமையாகும். 1967-இல் தமிழ்நாடு சேர்த்த 7ஏ பிரிவில், புரோகிதர் இல்லாமலே சுற்றம் நட்பு முன்னிலையில் மாலையோ மோதிரமோ மாற்றினாலும், தாலி கட்டினாலும் போதும்.

சப்தபதி நடக்கும் கல்யாணத்துக்குப் போனால், பந்தியைப் பத்து நிமிடம் தள்ளிப்போடுங்கள்.