ப்ளஸ் டூ மேத்ஸுக்கு எந்த கால்குலேட்டர்? கேசியோ 991 ஈ.எஸ். பிளஸ் ஒரு வருஷம் யூஸ் பண்ண அனுபவம்

அக்கா பையன் போன வருஷம் கம்ப்யூட்டர் மேத்ஸ் குரூப்ல சேர்ந்தான், சேர்ந்த ரெண்டாவது வாரமே "மாமா, எனக்கு கால்குலேட்டர் வேணும்"னு வந்து நின்னான். மொதல்ல ஒண்ண தெளிவா சொல்லிடறேன், ஏன்னா நெறைய பேரண்ட்ஸுக்கு இது தெரியல. ஸ்டேட் போர்டு மேத்ஸ் பப்ளிக் எக்ஸாம்ல கால்குலேட்டர் அலவ்டு கெடையாது, பத்தாவதுக்கும் இல்ல ப்ளஸ் டூக்கும் இல்ல. சிபிஎஸ்இ மேத்ஸ் எக்ஸாமும் ஜேஇஇயும் அப்படித்தான். பிசிக்ஸ் கெமிஸ்ட்ரிக்கு லாக் டேபிள் பாக்கத்தான் பழகணும். அப்போ எதுக்கு வாங்கணும்? கையால போட்ட கணக்கு சரியான்னு பாக்க. வீட்ல சொல்லித்தர ஆள் இல்லாத புள்ளைக்கு ராத்திரி பத்து மணிக்கு விடை சரியா தப்பான்னு சொல்றதுக்கு ஒண்ணு வேணும்ல, அதுக்குத்தான்.

மொதல்ல வீட்டாண்ட ஒரு கடையில அவசரத்துக்கு ஒண்ணு வாங்கினோம், பேர் கேசியோன்னுதான் போட்டிருந்துச்சு, வெலையும் கம்மி. மூணே வாரத்துல 7, 8 நம்பரெல்லாம் தேஞ்சு போச்சு, ஈக்வல் பட்டன் அமுக்குனா உள்ளயே மாட்டிக்கும். திருப்பி எடுத்துட்டு போனா பில் இல்லன்னு கையை விரிச்சுட்டாங்க. புள்ள மொகம் வாடிப்போச்சு, எனக்கு வயிறு எரிஞ்சுது. அப்புறம்தான் சென்னை தண்டையார்பேட்டைல மெட்ரோ ஏறி நாலாவது ஸ்டாப் ஹைகோர்ட்ல எறங்கி, பாரிஸ் கார்னர்ல ஆண்டர்சன் ஸ்ட்ரீட் பக்கம் ரெண்டு மூணு கடை ஏறி எறங்கி, பில்லும் வாரண்டி கார்டும் சீல் போட்டு குடுத்த கடையில வாங்கினோம். ஆயிரத்து சொச்சம் ஆச்சு.

கடைக்காரர் மூணு மாடல் எடுத்து வெச்சார். 991 எம்.எஸ்., 991 ஈ.எஸ். பிளஸ், அப்புறம் புதுசா வந்த 991 சி.டபிள்யூ. நான் மூணுலயும் ரூட் 8 போட சொன்னேன். எம்.எஸ்.ல 2.828427125ன்னு வருது, ஈ.எஸ். பிளஸ்ல 2√2ன்னு அப்படியே புக்ல இருக்கற மாதிரி வருது. பையன் நோட்டுல போடற விடை 2√2தான், பாயிண்ட்ல வந்தா அவன் எதோட கம்பேர் பண்ணுவான்? பின்னமும் அப்படித்தான், மேல கீழ எழுதுன மாதிரியே தெரியும், பாயிண்ட்ல வேணும்னா எஸ்-டி பட்டன தட்டுனா போதும். எம்.எஸ். மோசம்னு சொல்லல, வெல கம்மி, பல வருஷம் உழைக்கும், ஆனா பள்ளிக்கூட புள்ளைக்கு ஈ.எஸ். பிளஸ்தான் என் சாய்ஸ்.

சி.டபிள்யூ நல்ல மிஷின்தான், ஸ்க்ரீன் பளிச்சுன்னு இருக்கு. ஆனா பட்டனெல்லாம் எடம் மாத்திட்டாங்க. ஈக்வல் இருந்த எடத்துல எக்ஸ்இ, எஸ்-டி இல்ல அதுக்கு ஃபார்மட்னு ஒண்ணு, சேர்மானக் கணக்குக்கு என்சிஆர் வேணும்னா கேட்டலாக்ங்கற லிஸ்ட்டுக்குள்ள போய் தேடணும். எங்க தெருவுல டிப்ளமோ படிக்கற பசங்க, ட்யூஷன் அக்கா எல்லார் கையிலயும் ஈ.எஸ்.தான் இருக்கு, "மோட் 5, அப்புறம் 3 அமுக்குடா, குவாட்ராடிக் வரும்"னு வாயாலயே சொல்லிடுவாங்க, சி.டபிள்யூ வாங்கினா இவன் தனியா முழிக்கணும். அதனாலயே வேணாம்னு விட்டேன்.

ப்ளஸ் டூ மொத பாடமே அணிகள்தான, அதுல 3×3 வரைக்கும் இன்வர்ஸ் போட்டு சரிபாக்கலாம், மூணு மாறி சமன்பாடும் போடும், காம்ப்ளக்ஸ் நம்பரும் இருக்கு. 82 எம்.எஸ்.னு இன்னும் கம்மி வெலைல ஒண்ணு இருக்கு, அதுல மேட்ரிக்ஸ் இதெல்லாம் வராது, பாத்துக்கோங்க.

இப்போ ரொம்ப முக்கியமான விஷயம். ஒரு நாள் பையன் அழாத குறையா ஃபோன் பண்ணான், "மாமா, சைன் 30 போட்டா மைனஸ் 0.988ன்னு வருது, இதுவும் டூப்ளிகேட்டா?" போய் பாத்தா ஸ்க்ரீன் மேல சின்னதா ஆர்னு இருக்கு, கோணத்த டிகிரில எடுக்காம ரேடியன்ங்கற வேற அளவுல கெடக்கு. ஷிஃப்ட், மோட், 3 அமுக்குனா டிகிரி, 0.5க்கு பதிலா 1/2ன்னே வந்துடுச்சு. ஆனா டிகிரிலயே வெச்சுட்டும் இருக்கக்கூடாது. தொகையீடு பாடத்துல சைன் எக்ஸ்ஸ 0லேர்ந்து பை வரைக்கும் போட்டா 2 வரணும், டிகிரில இருந்தா 0.086ன்னு காட்டும், புள்ள தான் போட்டதுதான் தப்புன்னு அடிச்சுடுவான். அங்க ரேடியனுக்கு மாத்த ஷிஃப்ட், மோட், 4. இன்னொண்ணு, மைனஸ் 3 அடிச்சு ஸ்கொயர் போட்டா மைனஸ் 9தான் வரும், பிராக்கெட் போட்டாதான் 9. இந்த ரெண்டையும் வாங்குன அன்னிக்கே சொல்லிக்குடுத்துடுங்க.

கடையில சோலார் பேனல விரலால மூடி பாத்து ஒரிஜினலான்னு சொல்றாங்க, அத நம்பாதீங்க, ஒரிஜினலுக்குள்ளயே எல்ஆர் 44 பட்டன் செல் இருக்கு, மூடினாலும் ஓடும். ஷிஃப்ட், 9, 3, ஈக்வல், ஏசி அமுக்கி ரீசெட் பண்ணிட்டு ரூட் 8 போட்டு பாருங்க, ஒவ்வொரு பட்டனையும் அமுக்கி பாருங்க, பில் வாங்காம எறங்காதீங்க.

ஒரு வருஷம் ஆச்சு, ஒரு எழுத்து கூட அழியல. நாளைக்கு பாலிடெக்னிக்கோ இன்ஜினியரிங்கோ போனா பரீட்சை ஹாலுக்குள்ளயே இதே மிஷின் போகும், அதனால காசு வீண் இல்ல. அவன் தங்கச்சி ஒம்போதாவது, அவளும் கேட்டா. இப்போதைக்கு வேணாம்மா, வாய்ப்பாடு பதினாறு வரைக்கும் சொல்லு, பதினொண்ணாவது வந்ததும் மாமா வாங்கித்தரேன்னு சொல்லியிருக்கேன்.