‘மோடம் கார்டு போச்சு’ என்று கடைக்காரர் சொன்னால் உடனே பணம் கொடுத்துவிடாதீர்கள்

கோத்தகிரி, குன்னூர், ஊட்டி பக்கம் லேப்டாப்பில் லினக்ஸ் (விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளம்) போட்டு, போன் லைன் வழியாக டயல்-அப்பில் (மோடம் கார்டு எண்ணை டயல் செய்து இணைக்கும் முறை) இணையம் பார்க்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். 2006 நவம்பரில் எனக்கு 3,800 ரூபாய் போனது. மூன்று மாத உழைப்பும் போனது. உழைப்பு போனதுதான் இன்னும் ஆறவில்லை.

எனக்குத் தொழில் மெய்ப்புத் திருத்துவது. கோவையில் ஓர் அச்சகத்துக்கு வீட்டிலிருந்தே செய்து கொடுக்கிறேன். ஆகஸ்டில் தபாலில் இலவசமாக வந்த உபுண்டு 6.06 (லினக்ஸில் ஒரு வகை) சிடியைப் போட்டு அதிலேயே வேலை செய்துவந்தேன். லேப்டாப்பிலேயே இருக்கிற மோடத்துக்கு ‘எஸ்எல்-மோடம்’ டிரைவரை (மோடத்தை இயக்கும் மென்பொருள்) தனியாகச் சேர்த்த பிறகு அக்டோபர் பாதிவரை ஒரு குறையும் இல்லை.

அதன் பிறகுதான் இணைப்பு அறுந்து அறுந்து விழ ஆரம்பித்தது. டயல் ஆகும், கனெக்ட் ஆகும், ஐந்தாறு நிமிடத்தில் போய்விடும். 2 எம்பி கோப்பை மெயிலில் இணைத்தால் அது மூன்றில் ஒரு பங்கு பெருத்து 2.7 எம்பி ஆகிவிடும். டயல்-அப்பில் மேலே அனுப்பும் வேகம் நன்றாக இருந்தால்கூட நொடிக்கு மூன்று நான்கு கேபிதான். ஆக, பதினொன்று பன்னிரண்டு நிமிடமாவது லைன் நிற்க வேண்டும். ஒரே கோப்பை ஓர் இரவில் ஒன்பது தடவை அனுப்பிப் பார்த்து, கடைசியில் சிடியில் எழுதி பஸ்ஸில் கொடுத்தனுப்பினேன்.

ஊட்டியில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்கு எடுத்துப் போனேன். கட்டபெட்டு வழியாக மழையில் ஒன்றரை மணி நேரப் பயணம். கடைக்காரர் ஆன் செய்து பார்த்தார், திரையில் லினக்ஸைக் கண்டதும் முகம் மாறியது. “மேடம், இதைப் போட்டா மோடம் கார்டு எரிஞ்சு போயிடும். கார்டு மாத்தணும். விண்டோஸ் போட்டுத்தான் தர முடியும்” என்றார். லினக்ஸை அழிக்கக் கூடாது, என் கோப்புகள் அதில்தான் இருக்கின்றன என்று இரண்டு தடவை சொன்னேன். “ஒண்ணும் ஆகாது, எடுத்து வெச்சுடுவோம்” என்றார். நான் பிரதி எடுத்து வைக்காமல் போனது என் தவறு, அதை மறைக்கவில்லை. ஆனால் வாக்குக் கொடுத்தது அவர்.

ஒன்பது நாள் கழித்துப் போனேன். கடை லைனில் டயல் செய்து அரை மணி நேரம் ஓட்டிக் காட்டினார், ஒரு தடவைகூட அறவில்லை. சந்தோஷமாகப் பணம் கொடுத்தேன். பில் கேட்டதற்கு விசிட்டிங் கார்டின் பின்னால் ‘மோடம் கார்டு, சர்வீஸ், 3,800’ என்று எழுதித் தேதி போட்டுக் கொடுத்தார். பழைய கார்டு எங்கே என்றேன். தூக்கிப் போட்டாச்சு என்றார்.

வீட்டுக்கு வந்து திறந்தால் உள்ளே வெறும் விண்டோஸ். அதற்கு லைசன்ஸ் ஸ்டிக்கர்கூடக் கிடையாது. என் கோப்புகள் எதுவும் இல்லை. போன் செய்தேன். “பேக்கப் எடுக்கச் சொல்லலையே மேடம்” என்றார். அன்றைக்கு ராத்திரி டயல் செய்தேன், ஆறாவது நிமிடம் இணைப்பு அறுந்தது.

அழிந்ததில் மெய்ப்புகளை அச்சகத்தில் திரும்ப வாங்கிக்கொள்ள முடிந்தது. பக்கத்து வீட்டு அக்காவோடு ஞாயிறுதோறும் உட்கார்ந்து தட்டிய, நீலகிரிப் படகர்கள் பேசும் படக மொழிச் சொற்பட்டியலை அப்படி வாங்க இடமில்லை. ஆயிரத்து நூறு சொற்களுக்கு மேல் இருந்தன. தேயிலை, எருமை, மழை, சடங்கு என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தமிழ் விளக்கம் எழுதியிருந்தோம். அது வேறெங்கும் இல்லை.

தம்பி வந்து லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றினான். செப்டம்பரில் ரேம் சேர்த்தபோது ஒரு திருகு தொலைந்து, அதற்குப் பதில் வேறொரு பித்தளைத் திருகைப் போட்டு, மோடம் கார்டின் ஓரத்தில் சின்னதாக ஒரு பச்சை டேப் ஒட்டியிருந்தான். இரண்டும் அப்படியே இருந்தன. டேப்பின் மேல் தூசிகூடக் கலையவில்லை. கார்டை யாரும் தொடவே இல்லை.

அப்படியானால் கடையில் ஏன் அறவில்லை? இந்தக் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. முதல் நாளே அவர் லைனில் டயல் செய்து பார்த்திருந்தால் அன்றைக்கும் அறுந்திருக்காது. பழுது என் லேப்டாப்பில் இல்லை, என் வீட்டு லைனில் இருந்தது.

அதே உபுண்டு சிடியை மறுபடி போட்டு, இந்தத் தடவை லாகை (கணினி தன் நடப்புகளை எழுதி வைக்கும் குறிப்பு) படித்தேன். முதலிலேயே இதைச் செய்திருக்க வேண்டும். இணைப்பு ஏன் அறுந்தது என்பதை, டயல்-அப் இணைப்பை நடத்தும் பிபிபிடி நிரல் சிஸ்லாக் என்ற லாக் கோப்பில் எழுதி வைக்கிறது. ‘லேக் ஆஃப் ஆக்டிவிட்டி’ என்று வந்தால் சும்மா இருந்த நேரம் கூடிப்போய் நம் அமைப்பே துண்டித்திருக்கிறது, அந்த நேர வரம்பை மாற்றினால் போதும். ‘டெர்மினேட்டட் பை பியர்’ என்றால் எதிர்ப்பக்கம் முடித்துக்கொண்டது. எனக்கு ஒவ்வொரு தடவையும் வந்தது ‘மோடம் ஹேங்கப்’. கேரியர் (இரு பக்க மோடங்களும் லைனில் விடாமல் அனுப்பும் ஒலி) போய் மோடமே லைனை வைத்துவிட்டது என்று பொருள். அப்போது முதலில் லைனைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

சோதிக்க ஒரு சுலபமான வழி உண்டு. சாதாரண போனை மாட்டி, ரிசீவரை எடுத்து ஏதாவது ஓர் எண்ணை மட்டும் அழுத்துங்கள். டயல் டோன் நின்று லைன் அமைதியாகும். அந்த அமைதியில் காதை வைத்துக் கேளுங்கள். எனக்கு எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி சடசடவென்று கேட்டது. கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. அது ஆரம்பித்த பிறகுதான் இணைப்பு அறுந்தது என்பது அப்போதுதான் உறைத்தது. லைன்மேன் அண்ணன் வந்து வெளிச்சுவரில் இருந்த இணைப்புப் பெட்டியைத் திறந்தார். உள்ளே தண்ணீர், கம்பிமுனை பச்சை பூத்திருந்தது. வெட்டிச் சுத்தம் செய்து புதிதாக முறுக்கி மூட இருபது நிமிடம் ஆயிற்று.

சடசடப்பு நின்ற பிறகும் சாயங்காலத்தில் ஒன்றிரண்டு தடவை அறுந்தது. அது கால் வெயிட்டிங். இன்னொருவர் கூப்பிடும்போது வருகிற ‘பீப்’ ஒலியில் கேரியர் ஒரு கணம் மறைகிறது. கேரியர் மறைந்தால் எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்பதை மோடத்தில் உள்ள எஸ்10 என்ற ரெஜிஸ்டர் (நாம் மாற்றக்கூடிய அமைப்பு எண்) சொல்கிறது. கணக்கு நொடியில் பத்தில் ஒரு பங்கு. பல மோடம்களில் அது ஒன்றரை நொடிக்கும் குறைவாகவே இருக்கும். டயல் செய்யும் நிரலான டபிள்யூவிடயலின் அமைப்புக் கோப்பில், மோடத்தைத் தயார் செய்யும் இனிஷியலைசேஷன் வரியில் எஸ்10=50 என்று சேர்த்தேன், ஐந்து நொடி பொறுக்கும். இப்போது 2 எம்பி கோப்பு ஒரே மூச்சில் போகிறது. இதே லேப்டாப், இதே கார்டு, இதே லினக்ஸ்.

கடைக்காரர் சொன்னதில் ஒரு துளி உண்மை உண்டு. லேப்டாப் மோடம்களில் பெரும்பாலானவை பாதி வேலையை மென்பொருளிடம் விடுகிறவை, விண்டோஸை நினைத்துச் செய்தவை. சரியான டிரைவர் இல்லாவிட்டால் லினக்ஸில் டயலே ஆகாது. ஆனால் லினக்ஸ் போட்டதால் கார்டு எரிந்துபோகும் என்பது முழுப் பொய். தெரியாமல் சொன்னாரா, தெரிந்தே சொன்னாரா என்று முதலில் குழம்பினேன். அந்தப் பச்சை டேப்பைப் பார்த்த பிறகு குழப்பமில்லை.

ஆகவே கடைக்குப் போகுமுன் லேப்டாப்பை நண்பர் வீட்டு லைனில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். அங்கே அறாவிட்டால் கடைக்குப் போகவே வேண்டாம். கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் ஹோம் அடைவை (லினக்ஸில் உங்கள் கோப்புகள் இருக்கும் இடம்) சிடியில் எழுதி வைத்துவிட்டுக் கொடுங்கள். வேலை தொடங்குமுன் கடை லைனிலேயே உங்கள் கண்முன் டயல் செய்யச் சொல்லுங்கள். கழற்றிய பாகத்தைக் கையில் வாங்காமல் பணத்தை எடுக்காதீர்கள், அச்சடித்த பில் வாங்குங்கள்.

கடைக்காரரிடம் நேரில் போய்க் கேட்டேன், பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். விசிட்டிங் கார்டின் நகலோடு பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறேன். பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் நீதிமன்றத்தில் மனு கொடுப்பேன். வக்கீல் வைக்காமல் நாமே கொடுக்கலாம், நடந்த நாளிலிருந்து இரண்டு வருடம்வரை அவகாசம் உண்டு. இதே போல ‘கார்டு மாற்றி’ ஏமாந்தவர்கள் இந்தப் பக்கம் வேறு யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே கொடுப்போம்.

அக்காவும் நானும் போன ஞாயிறு மறுபடி உட்கார்ந்தோம். நினைவிலிருந்து அறுபது சொற்கள் வந்திருக்கின்றன.