நடுத்தரத் தொழில்முறைச் செயின்சாக்கள்: எதை வாங்கலாம், எதை மாற்றலாம்

நாள் முழுதும் கையில் இருக்க வேண்டிய செயின்சாவை (மரம் அறுக்கும் சங்கிலி ரம்பத்தை) மதிப்பிடும்போது, திறனுக்கு முன் எடையைப் பார்ப்பதே முறை என்பது என் கருத்து. 50 சிசி வகுப்பில் ஸ்டில் எம்எஸ் 261 சி-எம், ஹஸ்க்வர்னா 550 எக்ஸ்பி மார்க் 2 ஆகிய இரண்டும் 3.0 கிலோவாட் திறன் தருகின்றன. பாரும் (செயின் சுற்றி ஓடும் நீண்ட தகடு) செயினும் இல்லாமல் முதலாவது 4.9 கிலோ, இரண்டாவது 5.3 கிலோ. கிளை கழிக்கும் வேலையில் இந்த 400 கிராம் வேறுபாடு மாலைக்குள் தோளில் தெரிந்துவிடும். ஆயினும் தூசி மிகுந்த இடத்தில் வேலை செய்பவருக்கு ஹஸ்க்வர்னாவையே பரிந்துரைப்பேன். காற்று வடிகட்டியை எட்டும் முன்பே பெரும்பகுதித் தூசியைச் சுழல்விசையால் வெளியே வீசிவிடும் அதன் அமைப்பு, வடிகட்டியை அடிக்கடி கழற்றித் துடைக்கும் தொல்லையைக் குறைக்கிறது.

60 சிசி வகுப்பின் எம்எஸ் 362, 562 எக்ஸ்பி ஆகியவை 3.5 கிலோவாட் தருகின்றன. 50 சென்டிமீட்டர் பாரை முழுதாக மரத்துக்குள் புதைத்து அறுப்பவருக்கு அந்தக் கூடுதல் அரை கிலோவாட் அவசியம். 40 சென்டிமீட்டர் பாரோடு நிற்பவருக்கு அது வீண் சுமை. மெக்னீசியம் பிஸ்டன் கொண்ட 66.8 சிசி எம்எஸ் 400 வந்த பிறகு இந்தக் கணக்கும் மாறிவிட்டது: 5.8 கிலோ எடையில் 4.0 கிலோவாட் கிடைக்கும்போது, 60 சிசி எந்திரத்தை வாங்குவதற்கான காரணங்கள் குறைகின்றன.

இனி மாற்றங்கள். எஞ்சினைத் தொடுவதற்கு முன் செயினைத் தொட வேண்டும் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 50 சிசி எந்திரத்தில் கண்ணி இடைவெளி 3/8 அங்குலமான செயினைப் பூட்டி, அது திணறுகிறது என்று சைலன்சரை அறுக்கத் தொடங்குவோர் உண்டு. அதைவிட, கண்ணி இடைவெளி .325 அங்குலமும் பாரின் பள்ளத்தில் ஓடும் பகுதி 1.3 மில்லிமீட்டர் தடிப்பும் உள்ள, குறுகலாக அறுக்கும் செயினைப் பூட்டினால், அகற்ற வேண்டிய மரமே குறைந்து எந்திரம் தானாகவே விரைவு பெறும். பற்களை 30 பாகையில் ஒரே சீராக அரத்தால் தீட்டி, அவற்றின் முன்னே நிற்கும் ஆழ அளவிகளை 0.65 மில்லிமீட்டர் தாழ்வாக வைத்தால் போதும். அதற்கு மேல் தாழ்த்தினால் பல் மரத்தைக் கவ்வி இழுக்கும். ரம்பம் ஆளை நோக்கி எகிறும் அபாயமும் கூடும்.

சைலன்சரின் வாயைப் பெரிதாக்குவதே பலரும் முதலில் செய்யும் எஞ்சின் மாற்றம். புகை எளிதாக வெளியேறினால் எஞ்சின் கூடுதல் காற்றை இழுக்கும். அதற்கு ஈடாகப் பெட்ரோலைக் கூட்டாவிட்டால் கலவை வறண்டுபோகும். டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோலோடு கலந்த ஆயில்தான் உயவு என்பதால், வறண்ட கலவை வெப்பத்தைக் கூட்டுவதோடு உயவையும் குறைத்து, பிஸ்டனின் புகைவழிப் பக்கத்தைக் கீறிவிடும். ஆகவே வாயைத் திறந்தவர் கார்புரேட்டரில் முழு வேகத்துக்கான பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் எச் திருகைச் சற்றே தளர்த்தியாக வேண்டும். சுமையின்றி முழு வேகத்தில் எஞ்சின் விட்டுவிட்டுக் கரகரப்பதும், மரத்தில் இறங்கியவுடன் அந்த ஒலி தெளிவதும் சரியான அமைப்புக்கு அடையாளம். காதை மட்டும் நம்பாமல், சுழற்சிமானி கொண்டு உற்பத்தியாளர் குறித்த உச்ச வேகத்தைத் தாண்டவில்லை என்று உறுதிசெய்துகொள்வது நல்லது.

இந்த மாற்றத்தால் பெரிதும் பயன்பெறுவது எக்கோ சிஎஸ்-590. 59.8 சிசி கொண்ட அந்த எந்திரத்தில் சைலன்சர் மிகவும் அடைபட்டிருக்கிறது. கார்புரேட்டரும் கையால் திருகக்கூடியது. ஸ்டிலின் எம்-டிரானிக், ஹஸ்க்வர்னாவின் ஆட்டோடியூன் ஆகிய மின்னணு அமைப்புகள் உள்ள எந்திரங்கள் எஞ்சினின் வேகத்தைக் கவனித்துப் பெட்ரோலின் அளவைத் தாமே திருத்திக்கொள்ளும். ஆனால் அந்தத் திருத்தத்துக்கும் எல்லை உண்டு, பெரிய திறப்பை அது முழுதாக ஈடுசெய்யும் என்று நம்பக் கூடாது. அவற்றில் கிடைக்கும் பலனும் சிறியதே. சிலிண்டர் அடியிலுள்ள கேஸ்கெட்டை நீக்கி அழுத்தத்தைக் கூட்டுவது அனுபவசாலிகளுக்கு உரிய வேலை: பிஸ்டனுக்கும் சிலிண்டர் தலைக்கும் இடைவெளி 0.5 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கிறதா என்று ஈயக்கம்பியை நசுக்கி அளந்து பார்க்காமல் அதில் இறங்கவே கூடாது.

எந்த மாற்றம் செய்தாலும் தீப்பொறி தடுக்கும் வலையைச் சைலன்சரில் மீண்டும் பொருத்திவிட வேண்டும். வறண்ட காட்டில் அது இல்லாத எந்திரத்தை இயக்குவதை என்னால் ஏற்க முடியாது. உத்தரவாதம் போய்விடும் என்பதையும், பல நாடுகளில் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இத்தகைய மாற்றங்களைத் தடுக்கின்றன என்பதையும் சைலன்சரை அறுக்கத் தொடங்கும் முன்பே அறிந்திருக்க வேண்டும். பலனைச் சோதிப்பவர்கள், மாற்றுவதற்கு முன்னும் பின்னும் ஒரே செயினை அதே அளவு தீட்டி, ஒரே மரத்துண்டில் அடுத்தடுத்து அறுத்து நேரத்தைக் குறித்துக்கொள்ளட்டும். வாயைத் திறந்த எந்திரம் எழுப்பும் உரத்த ஒலி, அது வேகமாக அறுக்கிறது என்ற எண்ணத்தை எளிதில் உண்டாக்கிவிடுகிறது.