வான்கோமைசின் கணக்கை மென்பொருளிடம் கொடுத்து மூன்று வருடம்

ஐசியூவில் கிளினிக்கல் ஃபார்மசிஸ்டாக இருக்கிறேன். முன்பெல்லாம் ஒரு நீள நோட்டும் கால்குலேட்டரும்தான். கட்டிலுக்கு ஒரு பக்கம். வயது, எடை, கிரியாட்டினின் (கிட்னி மந்தமானால் ரத்தத்தில் ஏறும் தசைக் கழிவு), எந்த ஆன்டிபயாட்டிக் எத்தனையாவது நாள் என்று எழுதிக்கொண்டு ரவுண்ட்ஸுக்குப் போவேன். இப்போது அதெல்லாம் டோஸ் கணக்கிடும் மென்பொருளின் திரையிலேயே இருக்கிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வான்கோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கு முன்பெல்லாம் அடுத்த டோஸுக்குச் சற்று முன் ரத்தம் எடுத்து, லிட்டருக்கு 15 முதல் 20 மில்லிகிராம் இருக்கிறதா என்று பார்ப்போம். 2009இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல் அது. ட்ரஃப் எனப்படும் அந்தக் கடைசி நேர அளவைத் துரத்தியதில் கிட்னி அடிவாங்கியது. அதனால் 2020இல், எம்ஆர்எஸ்ஏ என்ற, பல மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவின் கடுமையான தொற்றுக்கு 24 மணி நேர ஏயூசியை, அதாவது ஒரு நாள் முழுக்க ரத்தத்தில் இருக்கும் மருந்தின் மொத்தக் கணக்கை, 400க்கும் 600க்கும் நடுவில் வைக்கச் சொன்னார்கள். கையால் கணக்குப் போட்டால் இதற்கு இரண்டு சாம்பிள் தேவை. மென்பொருள் ஒரே சாம்பிளை வைத்து மதிப்பிட்டுவிடும். ஒவ்வொரு டெஸ்டுக்கும் வீட்டார் பில் கட்டும் இடத்தில் இது சின்ன விஷயமில்லை.

ஆனால் டோஸ் ஏறியதாக நாம் கொடுக்கும் மணியை மென்பொருள் அப்படியே நம்பும். முதல் ஆறு மாதம் இதில்தான் திண்டாடினோம். ஒருநாள் காலை 10 மணி டோஸ். நோயாளியை ஸ்கேனுக்குக் கொண்டுபோனதால் மருந்து ஏறத் தொடங்கியது 11.40க்கு. திரையில் 10 என்றே பதிவாகியிருந்தது. இரவு 9.30க்கு எடுத்த சாம்பிளில் அளவு கூடுதலாக வர, மென்பொருள் கிட்னி மந்தம் என்று முடிவுகட்டி டோஸைக் குறைக்கச் சொன்னது. அவருக்குச் சிறுநீர் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. “சிஸ்டர், நிஜமா எத்தனை மணிக்கு ஸ்டார்ட் பண்ணீங்க?” என்று கேட்டபிறகுதான் விஷயம் புரிந்தது. அந்த நர்ஸைக் குறை சொல்ல மாட்டேன். மூன்று கட்டிலைத் தனியாளாகப் பார்ப்பவர், மொத்தமாகத்தான் டிக் அடிப்பார். அப்புறம் மருந்து ஏற்றும் பம்ப் பக்கத்திலேயே பார்கோடு ஸ்கேனர் வைத்தோம், சரியானது. மென்பொருளைவிட அந்த ஸ்கேனருக்குத்தான் நான் அதிகம் கடன்பட்டிருக்கிறேன்.

கிரியாட்டினினும் ஏமாற்றும். வாரக்கணக்கில் படுத்தே கிடக்கும் 70 வயதுக்காரர், 50 கிலோ, கிரியாட்டினின் 0.6 என்று வைத்துக்கொள்ளுங்கள். கிட்னி வேகத்தைக் கணக்கிடும் காக்கிராஃப்ட்-கால்ட் சூத்திரம் நிமிடத்துக்கு 81 மில்லி, கிட்னி நன்றாக இருக்கிறது என்று காட்டும். தசை கரைந்த உடம்பில் கிரியாட்டினின் உற்பத்தியே குறைவு. அந்த 81ஐ நம்பி டோஸை ஏற்றினால் வம்புதான். கட்டிலருகே போய் ஆளைப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

அலர்ட் தொல்லை தனி. எதற்கெடுத்தாலும் சிவப்புப் பெட்டி வந்ததால், டாக்டர்கள் படிக்காமலே மூடப் பழகிவிட்டார்கள். வலிப்புக்கு வால்ப்ரோயேட் எடுப்பவருக்கு மெரோபெனம் என்ற ஆன்டிபயாட்டிக் எழுதியபோது வந்த எச்சரிக்கையும் அப்படித்தான் போனது. மெரோபெனம் ரத்தத்தில் வால்ப்ரோயேட் அளவை வேகமாகச் சரித்துவிடும், வலிப்பு திரும்பலாம். மறுநாள் ரவுண்ட்ஸில் என் கண்ணில் பட்டு மாற்றினோம். அந்த வாரமே உட்கார்ந்து உப்புச்சப்பில்லாத அலர்ட்டுகளை எல்லாம் அணைத்தோம்.

கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கு அளவை யூனிட்டில் மட்டுமே எழுத முடியும்படி பூட்டி வைத்தது பெரிய நிம்மதி. 10 லட்சம் யூனிட் என்றால் சோடியம் உப்பாக 80 மில்லிகிராம், உப்பாக இல்லாமல் கோலிஸ்டின் பேஸ் கணக்கில் சுமார் 33 மில்லிகிராம். வெறும் ‘மில்லிகிராம்’ என்று யாராவது எழுதிவிட்டால் எதைச் சொல்கிறார் என்று முன்பு தேடிப்போய்க் கேட்க வேண்டியிருந்தது.

வாங்க யோசிப்பவர்கள் டெமோவில் வரைபட அழகைப் பார்க்க வேண்டாம். மருந்து ஏறத் தொடங்கிய மணியை யார், எங்கே நின்று பதிவார்கள் என்று கேளுங்கள். போன வாரம்கூட சர்வர் இரண்டு மணி நேரம் படுத்துவிட்டது. நீள நோட்டு இன்னும் என் மேல் டிராயரில்தான் இருக்கிறது.