ஸ்ட்ரெயிட் கீ, பக் கீ, பேடில்: உங்கள் கைக்கு எது?

புள்ளியும் கோடுமான மோர்ஸ் குறியீட்டில் பேசி முடித்து விடைபெறும்போது ஹாம்கள், அதாவது பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுகிறவர்கள், எல்லோரும் அனுப்புவது 73 என்ற எண். அதில் மொத்தம் ஆறு புள்ளி, நான்கு கோடு. மேலும் கீழுமாகத் தட்டும் சாதாரணக் கீயான ஸ்ட்ரெயிட் கீயில் இதற்குக் கை பத்து முறை அழுத்த வேண்டும். பக்கவாட்டில் தள்ளும் பேடிலும், புள்ளியையும் கோட்டையும் தானே உருவாக்கும் எலக்ட்ரானிக் கீயரும் இருந்தால் நான்கே அசைவு. பாதி தானியங்கியான பக் கீயில் ஆறு. இந்தக் கணக்கைப் பார்க்கிறவர்கள், ஸ்ட்ரெயிட் கீயிலிருந்து பேடிலுக்குப் போகிற வழியில் பக் ஒரு நடுப்படி என்று நினைத்துக்கொள்கிறார்கள். நானும் அப்படி நினைத்துத்தான் வாங்கினேன். பழகப் பழகத்தான் தெரிந்தது, மூன்றில் காதுக்கு அதிக வேலை வைப்பது பக் தான் என்று.

பக் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பார்த்தால் காரணம் புரியும். நெம்புகோலைக் கட்டைவிரலால் ஒரு பக்கம் தள்ளினால், பின்னால் இருக்கும் ஊசல் அதிர ஆரம்பித்து, விரலை எடுக்கும் வரை புள்ளிகளைத் தானாகத் தட்டிக்கொண்டே இருக்கும். ஆள்காட்டி விரலால் மறுபக்கம் தள்ளினால் வெறும் தொடுப்புதான். கோடு எவ்வளவு நீளம் என்பது விரல் எவ்வளவு நேரம் அங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. மின்சுற்று இல்லை, பேட்டரி இல்லை, ஒரு எஃகுத் தகடும் எடைக்கட்டியும்தான். ஹோரஸ் மார்ட்டின் இதற்கு 1904-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். நாள் முழுக்க மேலும் கீழுமாகத் தட்டித் தட்டி மணிக்கட்டு செயலிழந்துபோன தந்தி ஊழியர்களுக்கு, பக்கவாட்டில் அசையும் இந்தக் கீ பெரிய ஆறுதலாக இருந்தது. அவருடைய வைப்ரோப்ளெக்ஸ் இன்றும் கிட்டத்தட்ட அதே வடிவில் தயாராகிறது.

ஆக, பக்கில் இயந்திரம் பார்த்துக்கொள்வது புள்ளியையும், புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவிலுள்ள இடைவெளியையும் மட்டும். 5 என்ற எண்ணை ஒரே தள்ளலில் அனுப்பிவிடலாம். 0 என்றால் ஸ்ட்ரெயிட் கீயைப் போலவே ஐந்து முறை தள்ள வேண்டும், ஐந்தும் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும். கீயரில் கோடும் இயந்திரத்தின் கணக்கு. எழுத்துக்குள் இருக்கும் இடைவெளியும் அதன் கணக்குத்தான். எழுத்துக்கும் எழுத்துக்கும், சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் விடும் இடம் மட்டுமே உங்கள் கையில்.

வேகம் என்று வரும்போது இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். நிமிடத்துக்கு 25 சொல் வேகத்தில் ஒரு புள்ளி 48 மில்லிசெகண்ட், ஒரு கோடு 144. ஊசல் நொடிக்குப் பத்துப் புள்ளிக்கு மேல் தட்டும். எஸ் அனுப்ப நினைத்து விரலைக் கொஞ்சம் தாமதமாக எடுத்தால் ஹெச் ஆகிவிடும், இன்னும் தாமதித்தால் 5. இதற்கு எண்ணிப் பழகி எந்தப் பயனும் இல்லை. எழுத்தின் ஓசை முழுதாகக் காதில் ஏறியிருந்தால்தான் விரல் சரியான இடத்தில் விலகும்.

சரி, எதிரில் இருப்பவர் மெதுவாக அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஸ்ட்ரெயிட் கீ என்றால் கையை மெதுவாக்கினால் போதும். கீயர் என்றால் ஒரு குமிழைத் திருப்பலாம். பக்கில் திருகைத் தளர்த்தி, எடைக்கட்டியை ஊசலின் முனைப் பக்கம் நகர்த்தி, மறுபடி இறுக்க வேண்டும். பல பக்குகள் கட்டியைக் கடைசி வரை தள்ளினாலும் 20 சொல்லுக்குக் கீழே சுலபமாக இறங்காது. இங்கேதான் பக் பயன்படுத்துகிறவர்கள் செய்யும் தவறுகளிலேயே பொதுவானது நடக்கிறது. கோடுகளை 15 சொல் வேகத்துக்கு நீட்டிவிட்டு, புள்ளிகளை 28-இல் ஓட விட்டுவிடுகிறார்கள். புள்ளிகள் சரசரவென்று ஓடி, கோடுகள் இழுத்துக்கொண்டு நிற்க, கேட்பவருக்கு எழுத்துகளைப் பிரிப்பதே சிரமமாகிவிடும். கூடுதல் எடை ஒன்று வாங்கி ஊசலில் மாட்டினால் இது பெருமளவு தீரும். பக் வாங்குகிறவர்கள் முதல் நாளே இதைச் செய்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பராமரிப்பிலும் மூன்றுக்கும் பெரிய இடைவெளி உண்டு. ஸ்ட்ரெயிட் கீயில் ஸ்பிரிங்கின் இறுக்கம், தொடுமுனைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி, இந்த இரண்டையும் சரிசெய்தால் முடிந்தது. பேடிலும் அப்படித்தான். பக்கை அமைப்பது தனிக் கலை. எனக்கு வந்தது பழைய பக். முதலில் புள்ளிகள் கரகரவென்று உடைந்து உடைந்து விழுந்தன. எங்கோ ஸ்பிரிங் போய்விட்டது என்று எல்லாத் திருகுகளையும் திருப்பிப் பார்த்து இரண்டு நாள் வீணானது. கடைசியில் ஒரு வெள்ளைத் தாள் துண்டைப் புள்ளித் தொடுமுனைகளுக்கு நடுவில் வைத்து, லேசாக அழுத்தி இழுத்தேன். தாளில் கறுப்பாக ஒரு கோடு விழுந்தது. நாலைந்து முறை இழுத்ததும் தாள் சுத்தமாக வந்தது, புள்ளிகளும் தெளிந்தன. இப்போதைய ரேடியோக்களின் கீ இணைப்பில் ஓடும் மின்னோட்டம் மிகச் சிறியது என்பதால், மெல்லிய அழுக்குப் படலம்கூட அதை மறித்துவிடும்.

அப்புறம் புள்ளியின் கனம். நெம்புகோலைப் புள்ளிப் பக்கமே பிடித்துக்கொண்டு, ஊசல் ஆடி ஓயும் வரை காத்திருங்கள். ஓய்ந்து நிற்கும் நிலையில் தொடுமுனைகள் இரண்டும் ஒன்றையொன்று லேசாகத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி புள்ளித் திருகை வையுங்கள். அங்கிருந்து கால் சுற்றுக்கும் குறைவாக முன்னே பின்னே நகர்த்தி, காதால் முடிவு செய்யலாம். நெருங்கி வைத்தால் புள்ளிகள் தடித்து ஒன்றோடொன்று ஒட்டும். தள்ளி வைத்தால் மெலிந்து, நாலைந்துக்குப் பிறகு காணாமலே போகும்.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்டால், கைத்தடம் என்பேன். கீயரில் இருவர் ஒரே வேகத்தில் அனுப்பினால், இடைவெளிகளைத் தவிர வேறுபாடு தெரியாது. பக்கில் ஒருவர் கோட்டை நீட்டும் விதம், புள்ளியிலிருந்து கோட்டுக்குத் தாவும் விதம் எல்லாம் அவருடைய குரல் போலக் கேட்கும். நிலையத்தின் அடையாளமான அழைப்புக்குறி வருவதற்கு முன்பே ஆளைக் கண்டுபிடித்திருக்கிறேன். நிதானமாக அரட்டையடிக்கும் மாலை நேரத்துக்கு இதற்கு இணை கிடையாது. ஸ்ட்ரெயிட் கீயிலும் கைத்தடம் உண்டு. ஆனால் 20 சொல்லுக்கு மேல் அரை மணி நேரம் தட்டினால் பெரும்பாலானோருக்குக் கை வலிக்கும்.

போட்டிகளுக்கும், பலர் ஒரே நேரத்தில் கூப்பிடும் கூட்டத்தில் தொலைதூர நிலையத்தைப் பிடிப்பதற்கும் பேடில் மட்டுமே என் தேர்வு. சிக்னல் இரைச்சலில் மூழ்கி வரும்போது கேட்பவருக்கு உதவுவது சீரான கோடும் புள்ளியும்தான். கணினியில் மோர்ஸ் படிக்கும் மென்பொருளும் பக்கின் நெளிவு சுளிவுகளில் தடுமாறும். இடக்கைக்காரர்களுக்கும் பேடில்தான் வசதி, ஒரு அமைப்பை மாற்றினால் புள்ளியும் கோடும் இடம் மாறிவிடும். பக் என்றால் இடக்கைக்கென்றே செய்ததைத் தேட வேண்டும். அதே சமயம், 2006-இல் தொடங்கிய, கையால் இயங்கும் கீகளுக்கான ஹாம்கள் சங்கமான ஸ்ட்ரெயிட் கீ செஞ்சுரி கிளப்பின் தொடர்புக் கணக்கில் பக் சேரும், எலக்ட்ரானிக் கீயர் சேராது.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் பக் சொல்ல மாட்டேன். ஸ்ட்ரெயிட் கீயில் ஆரம்பித்து, கோடு மூன்று புள்ளி நீளம் என்பது கையில் பதிந்த பிறகு எங்கே வேண்டுமானாலும் போகலாம். பேடிலில் மட்டுமே பழகியவருக்குப் பக்கில் கோடுகள் ஆரம்பத்தில் குட்டையாக விழும், ஏனென்றால் நீளத்தை இதுவரை அவர் விரல் கவனித்ததே இல்லை.

பக் வாங்கிவிட்டீர்கள் என்றால், ரேடியோவில் செருகும் முன் மெனுவில் உள்கீயரை அணைத்து, ஸ்ட்ரெயிட் கீ என்று வையுங்கள். இல்லாவிட்டால் ஊசலின் ஒவ்வொரு தட்டையும் கீயர் தன் கணக்கில் எடுத்துக்கொண்டு குழப்பும், பக்கில் கோளாறு என்று நினைத்துத் திருகுகளில் கை வைப்பீர்கள். முதல் வாரம் ஆன்டெனாவைத் தொட வேண்டாம். நாம் அனுப்புவதை நமக்கே கேட்கவைக்கும் ரேடியோவின் ஒலியான சைட்டோனில் மட்டும் அனுப்பி, பதிவு செய்து, மறுநாள் காலையில் கேளுங்கள். நேற்று அனுப்பியதை உங்களாலேயே எழுத்து பிசகாமல் எழுத முடிந்தால், யாராவது இருக்கிறீர்களா என்று பொதுவாக அழைக்கும் ஒரு சிக்யூ போடலாம்.